நியமனத்தின் இலக்கணம்

சட்டப் புத்தகத்தை யாரும் கதைபோல் வாசிப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவை நான் அப்படித்தான் வாசித்தேன். மாநில வாரியத்தில் யார் யார் உட்காரலாம் என்று சொல்லும் பிரிவு அது. சரணாலயத்துக்குள் வாழிடத்தைச் சிதைக்கவோ நீரோட்டத்தைத் திருப்பவோ அனுமதி தருமுன் அரசு இந்த வாரியத்தைக் கலந்தாக வேண்டும். ஆகவே இது வெறும் நாற்காலிக் கணக்கு அல்ல.

நாற்காலிக்கு ஒரு முன்கதை உண்டு. 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கம் தோட்டத் துரைகளும் அதிகாரிகளும் கூடிய இடம். 1879இல் சட்டமும் வந்தது. வேட்டையைத் தமக்கென்று வேலியிட்டுக்கொண்டதற்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர். துரைக்குத் தடம் பார்த்துச் சொன்ன பழங்குடி, தனக்காக வேட்டையாடினால் குற்றவாளி. 1952இல் இந்திய வன உயிரின வாரியம் அமைந்தபோது தலைமை மைசூர் மகாராஜாவுக்குப் போயிற்று. ஆட்சி மாறியது, காட்டுக்காகப் பேசும் உரிமை மட்டும் மேலேயே தங்கிவிட்டது.

2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன், வனத்துறை அமைச்சர் தலைவர். பழங்குடிப் பிரதிநிதிகள் ‘மூவருக்கு மேற்படாமல்’. திருத்தத்துக்குப் பின், முதலமைச்சர் தலைவர். மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள், தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூவர், பெயர்பெற்ற சூழலியலாளர்கள் பத்துப் பேர். அந்தப் பத்தில் ‘குறைந்தது இரண்டு’ பழங்குடியினர். உச்சவரம்பு போய்க் கீழ்வரம்பு வந்தது. சின்ன மாற்றம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பொறுக்கி எடுப்பது யாரு? அரசேதான். தேர்தல், தேர்வுக்குழு என்று அந்தப் பிரிவில் எதுவும் கிடையாது. சுற்றுலா வளர்ச்சிக் கழக மேலாண் இயக்குநருக்குப் பதவியே இடம் வாங்கித் தருகிறது. காட்டிலேயே பிறந்தவருக்கு நியமனம்தான் வழி. ‘எங்க ஆளை நாங்கதானே சொல்லணும்?’ என்று ஒரு கிழவி கேட்டால் சட்டத்தில் பதில் இல்லை. 2022 திருத்தம் அனுமதித்த நிலைக்குழுவுக்கோ, உறுப்பினர்களிலிருந்து பத்துப் பேர்வரை துணைத்தலைவரான அமைச்சரே பொறுக்கலாம்; அதில் பழங்குடிக்குக் கீழ்வரம்புகூட இல்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வன உயிர்களைக் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குக் கொடுத்திருக்கிறது. அந்தச் சபை தன் ஆள் ஒருவரை வாரியத்துக்கு அனுப்ப முடியாது. நியமிக்கப்பட்டவர் நியமித்தவரிடம் ‘முடியாது’ என்று சொல்வது கடினம். அனுப்பப்பட்டவர் சொல்லியே ஆகணும். இரண்டு வினைச்சொற்களுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தில்தான் காட்டின் அரசியல் இருக்கிறது.