பார்த்து நின்றவர்கள்

'சும்மா சடங்குக்குப் பண்றாங்க' என்று சொன்னால் அந்தக் காரியத்தில் உயிர் இல்லை என்று அர்த்தம். ஆனால் தெற்கே 'சடங்கு வீடு' என்றால் பெண் பெரியமனுஷி ஆன வீடு. சீர்வரிசைத் தட்டும் ஒலிபெருக்கியும் மொய் நோட்டுமாகத் தெருவையே அடைத்துக்கொள்கிற வீடு. ஒரே சொல், வெறும் பாவனைக்கும் ஊர் கூடுவதற்கும்.

என் மென்பொருள் தொழிலிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஸ்க்ரம் முறையில் வேலை செய்கிறவர்கள் தினசரி காலைக் கூட்டத்தை 'செரிமனி' என்றே சொல்வார்கள். கால் மணி நேரம் நின்றுகொண்டே நேற்று என்ன முடித்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம் என்று ஒப்பிக்க வேண்டும். பாதிப்பேருக்கு அது வெட்டிவேலை. ஆனால் நாலு பேர் கேட்கச் சொன்ன வேலையைச் செய்யாமல் விடுவது கொஞ்சம் கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த 'நாலு பேர்' தான் விஷயம் என்று நினைக்கிறேன். சடங்கு சாட்சிகளை உண்டாக்குகிறது. அந்தச் சாட்சிகளிடம் பிறகு என்ன கேட்கப்படுகிறது என்பதில்தான் ஒரு சடங்குக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். எட்டயபுரத்தின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

1799 அக்டோபர் 16. எட்டயபுரத்துக்குத் தொலைவில் இல்லாத கயத்தாறு. வீரபாண்டிய கட்டபொம்மனை மேஜர் பானர்மேன் விசாரித்துத் தூக்கிலிட்டான். ஓர் ஆளைக் கொல்ல ஒரு கயிறும் நாலு சிப்பாய்களும் போதும். ஆனால் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்கள் அங்கே வரவழைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் கண்முன்னேதான் விசாரணையும் நடந்தது, தண்டனையும் நிறைவேறியது. போரில் கம்பெனிக்குத் துணை நின்றது எட்டயபுரம் பாளையம். கம்பெனிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கும் தள்ளி நின்றவர்களுக்கும் அன்று காட்டப்பட்ட காட்சி ஒன்றுதான். அடுத்து வந்த உத்தரவு: கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை. தூக்குக் கயிறு ஒருவருக்கு; அந்தக் கூட்டம் உயிரோடு திரும்பிப் போகிறவர்களுக்கு.

அதற்குப் பிறகு பாளையம் ஜமீன் ஆனது. படை நடத்தும் உரிமை போய்விட்டது, வரி வசூலித்துக் கட்டும் பொறுப்பு மிஞ்சியது. அதிகாரம் சுருங்கிய அரண்மனைகளில் சடங்குக்கு மட்டும் குறைவில்லை. தர்பார், புலவர் சபை, பாட்டுக் கச்சேரி, பரிசு. 1893-இல் அப்படி ஒரு சபையில்தான் சின்னசாமி ஐயர் மகன் சுப்பையாவுக்குப் 'பாரதி' என்று பட்டம் கிடைத்தது. பையனுக்கு வயது 11. அது கலைமகளின் பெயர். சபையில் இருந்தவர்கள் கேட்டார்கள், ஏற்றுக்கொண்டார்கள், ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. காசியிலிருந்து திரும்பியவர் கொஞ்ச காலம் அதே ஜமீனில் வேலை பார்த்தார். 1904-இல் வேலையை விட்டார், பெயரை விடவில்லை. ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-இல் வந்தது. கொடுத்த சபை இன்று இல்லை, கொடுத்த சொல் இருக்கிறது.

பட்டம் வாங்கிய பையன் பிறகு தானே ஒரு சடங்கு நடத்தினான். புதுச்சேரியில் தலித் இளைஞரான கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்துக் காயத்ரி சொல்லிக்கொடுத்தார் பாரதி. தன் பூணூலை எப்போதோ கழற்றிவிட்டவர் அவர். பூணூலில் ஒன்றும் இல்லை என்றால் அதை இன்னொருவருக்கு ஏன் போடவேண்டும்? இதை இன்றும் பலர் கேட்கிறார்கள். சாதிக் கட்டுமானத்தை அதன் அடையாளத்தைக் கொண்டே உடைக்க முடியுமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் 'எல்லோரும் சமம்' என்று ஒரு கட்டுரை எழுதினால் படித்தவர் தலையாட்டிவிட்டு எழுந்து போகலாம். மந்திரத்தோடு முறையாகச் செய்துவிட்டால் பார்த்தவர் ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டும். இது நடந்ததா, செல்லுமா, நான் ஒப்புகிறேனா? கனகலிங்கம் பின்னாளில் தன் குருவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பூணூல் போட்டுக்கொண்டவரே அதற்குச் சாட்சியும் ஆனார்.

1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் பாரதி இறந்தார். சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பது பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அந்த எண்ணிக்கை நம்மை ஏன் இன்னும் உறுத்துகிறது? மொய் எழுதும் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் இருக்கும். நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து எழுதியவர் வீட்டுக்கு நாம் போய்த் திருப்பிச் செய்யாவிட்டால் அது கடன் மட்டுமில்லை, அவமானம். பாரதி முன்கூட்டியே எழுதிவிட்டுப் போன ஆள். திருப்பிச் செய்யவேண்டிய நாளில் நம் ஆட்கள் போகவில்லை.

அந்த மொய்யை எட்டயபுரத்தில் தாமதமாகச் செய்தார்கள். பாரதி பிறந்த ஊரில் மணிமண்டபம் எழுப்பவேண்டும் என்று கல்கி தன் பத்திரிகையில் எழுதி நிதி திரட்டினார். வாசகர்கள் அனுப்பிய பணம் சேர்ந்தது. 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில், நாடு விடுதலையான இரண்டே மாதத்தில், அப்போது மேற்கு வங்க ஆளுநராக இருந்த அவரே வந்து திறந்துவைத்தார். செத்த பிறகு கட்டடம் எதற்கு என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் கயத்தாற்றில் நின்றவர்கள் வரமாட்டேன் என்று சொல்லமுடியாதவர்கள். மணிமண்டபத்துக்குப் பணம் அனுப்பியவரை யாரும் பிடித்து இழுக்கவில்லை.

இப்போது டிசம்பர் 11 வந்தால் சிலைக்கு மாலை விழுகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஒட்டுமீசையும் முண்டாசுமாக வரிசையில் நிற்கிறார்கள், போட்டோ எடுக்கப்படுகிறது. இதைக் கிண்டல் செய்வது சுலபம். நான் கேட்க நினைப்பது வேறு. மாலை போட்டுவிட்டுக் கீழே இறங்குகிறவரிடம் அந்தச் சடங்கு ஏதாவது கேட்கிறதா? ஒன்றும் கேட்கவில்லை என்றால் அது 'சும்மா சடங்கு'தான். மீசை ஒட்டிய பிள்ளை ஒரு பாட்டை முழுதாக மனப்பாடம் செய்து வந்திருந்தால், அன்றைக்கு மேடையைவிட அந்த வரிசையில்தான் விழா நடந்திருக்கிறது.

இதே கரிசல் காட்டில் சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுகிறார்கள். மானாவாரி நிலம், விதைப்புக்குப் புரட்டாசி மழை வரவேண்டும், இன்னும் ஐந்து மாதம் கிடக்கிறது. ஆனாலும் ஏருக்கும் மாட்டுக்கும் பூஜை செய்து, ஊர்க்காரர்கள் சேர்ந்து நாலு சால் ஓட்டுகிறார்கள். மாடு இல்லாத ஊரில் டிராக்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். அங்கே பார்த்து நிற்கிறவர்கள்தான் புரட்டாசியில் விதைப்பெட்டியோடு வரப்போகிறவர்கள்.