மொட்டை முடியும் சிக்கு முடியும்

ரோமானியச் சட்டத் தொகுப்பான ‘டைஜஸ்ட்’டில் ஒரு சுங்கப் பட்டியல் இருக்கிறது. மார்க்கஸ் அரேலியசும் அவர் மகன் கொமோடசும் சேர்ந்து ஆண்ட காலத்தது, அதாவது கி.பி. 176-க்கும் 180-க்கும் இடைப்பட்டது. கிழக்கிலிருந்து வரும் எந்தெந்தச் சரக்குக்கு வரி உண்டு என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது: வெள்ளை மிளகு, இஞ்சி, ஏலக்காய், தந்தம், பட்டு, சிங்கம், சிறுத்தை. பட்டியலின் கடைசிச் சரக்கு, இந்தியத் தலைமுடி.

மிளகுக்காக யவனக் கப்பல்கள் முசிறிக்கு வந்த கதையை எல்லோரும் படித்திருக்கிறோம். அதே கடல்வழியில் மயிரும் போயிருக்கிறது, அதற்கு அரசாங்கம் வரி போடும் அளவுக்குப் போயிருக்கிறது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. ரோமாபுரிச் சீமாட்டிகள் அடுக்கடுக்காகக் கொண்டை கட்டிய காலம் அது. சொந்த முடி போதாதவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எகிப்தில் இந்த வழக்கம் இன்னும் பழையது. அமர்னா என்ற ஊரில் தோண்டியெடுத்த, ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணின் தலையில் சுமார் எழுபது ஒட்டுமுடிக் கற்றைகள் இருந்தன.

ஆகவே, இன்று அழகு நிலையங்களின் கண்ணாடிக் கதவில் ‘ஹேர் எக்ஸ்டென்ஷன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை நேற்று வந்த நாகரிகம் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டு வீடுகளில் அதற்கு ஓர் இடம் எப்போதும் இருந்திருக்கிறது. அலமாரியின் ஒரு மூலையில், பழைய துணியில் சுற்றி, பாட்டியின் சவுரி இருந்தது.

சவுரி இல்லாமல் நடக்காத சடங்குகள் சில இருந்தன. பெண் பூப்பெய்திய விழாவிலும், வளைகாப்பிலும், கல்யாணத்திலும் சடையில் பூத் தைப்பார்கள். தாழம்பூ மடலை மடித்து வைத்து, மல்லிகை மொட்டை ஊசியால் கோத்து, உச்சியிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை தைத்து முடிக்க அரை நாள் ஆகும். அத்தனை பூவின் கனத்தைத் தாங்க, எவ்வளவு அடர்த்தியான கூந்தல் உள்ளவளுக்கும் சவுரி வேண்டும். தைத்த சடையோடு ஸ்டுடியோவுக்குப் போய், பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பல வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன. பரதநாட்டிய மேடையிலும் இதே கதைதான். ராக்கொடி, ஜடைநாகம், நுனியில் குஞ்சலம் என்று ஒரு பின்னல் சுமக்கும் நகைக்கு, ஆடும்போது அசையாத அடித்தளமாக இருப்பது சவுரி.

அதை வைக்கும் விதம் எளிமையானது. நன்றாகவும் யோசிக்கப்பட்டது. மூன்று கால் சவுரியை எடுத்து, மேல்முனையில் உள்ள கயிற்றைப் பிடரிக்குச் சற்று மேலே சொந்த முடியில் கட்டி, கொண்டை ஊசி குத்தி, ஒவ்வொரு காலையும் பின்னலின் ஒவ்வொரு பிரிவோடும் சேர்த்துப் பின்னிக்கொண்டே வர வேண்டும். கனம் முழுவதும் பின்னலில் பரவிவிடும்; ஒரே மயிர்க்காலைப் பிடித்து இழுக்காது. இரவு படுக்கும் முன் கழற்றிவிடுவார்கள். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

சவுரி எதிலிருந்து வந்தது? பெரும்பாலும் சிக்கு முடியிலிருந்து. தலை வாரும்போது சீப்பில் வரும் முடியைப் பெண்கள் எறிய மாட்டார்கள். விரலில் சுற்றி உருண்டையாக்கி, ஓட்டுக்கூரையின் இறவாணத்திலோ சுவர்ப் பொந்திலோ செருகி வைப்பார்கள். ஊசி, பாசிமணி, கொண்டை ஊசி விற்றுக்கொண்டு தெருவில் வரும் பெண்கள் அதை வாங்கிக்கொண்டு பண்டம் கொடுப்பார்கள். பிற்பாடு எவர்சில்வர் கிண்ணமும் பிளாஸ்டிக் குடமும் மாற்றுப் பொருளாயின. வாங்கிய உருண்டைகளை ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்து, ஆணி அடித்த பலகையில் சீவி, நீளம் பார்த்து அடுக்கி, நூலால் கட்டினால் சவுரி. கண்ணும் பொறுமையும் மட்டுமே மூலதனமான இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களின் பெயரை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை. தொழில் என்ற மரியாதைகூட அதற்குக் கிடைத்ததில்லை. அது பெரிய அநியாயம்.

இன்னொரு வகை முடிக்குச் சொந்தக்காரர் கடவுள். பழனி, திருத்தணி, சமயபுரம், திருமலை என்று மொட்டை போடும் தலங்களில் காணிக்கையாக விழும் கூந்தல் அது. ஆயன் அடித்த அடியில் பெருமாளின் தலையில் ஓரிடம் முடியிழந்தது. அதைக் கண்ட நீளாதேவி என்ற கந்தர்வ இளவரசி தன் கூந்தலை அறுத்து அந்த இடத்தில் வைத்தாள். மகிழ்ந்த பெருமாள், இனிப் பக்தர்கள் தரும் முடியெல்லாம் அவளுக்கே என்றார். திருமலைக்கு வழங்கும் கதை இது. தலைமுடியில்லாத இடத்தில் பிறர் முடியை வைப்பதுதான் கதையின் மையமே. உலகத்து ஒட்டுமுடிச் சந்தைக்கு மிக உயர்ந்த சரக்கை அனுப்பும் தலத்தின் புராணம் இப்படி அமைந்திருப்பது வியப்பாக இருக்கிறது.

இந்த முடி வெளிநாட்டில் பெரும்பணமாக மாறியதற்குக் காரணம் பக்தியோ அழகுணர்ச்சியோ மட்டும் அல்ல. அமெரிக்க-சீனப் பகையும் ஒரு காரணம்.

1960-களில் மேற்கு நாடுகளில் விக் வைப்பது பெரிய மோகமாகப் பரவியது. அதற்கான முடி அதிகமும் சீனாவிலிருந்து, ஹாங்காங் வழியாக வந்தது. கம்யூனிஸ்ட் நாட்டுக்கு டாலர் போகக் கூடாது என்று, பத்தாண்டின் நடுவில் அமெரிக்கா சீன முடிக்குத் தடை போட்டது. முடியைப் பார்த்து அது சீனாவா வேறு நாடா என்று சொல்ல முடியாது என்பதால், எந்த நாட்டு முடி என்பதற்குச் சான்று கேட்டார்கள். அந்த வெற்றிடத்தில் தென்கொரியா நுழைந்தது. 1970 வாக்கில் அந்நாட்டின் மொத்த ஏற்றுமதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விக்குகள். கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் சியோல் ஆலைகளில் இரவு பகலாக முடி கோத்தார்கள். மோகம் தணிந்ததும் ஆலைகள் மூடத் தொடங்கின. 1979 ஆகஸ்ட்டில் ஒய்.எச். என்ற விக் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்து போராடினார்கள். போலீஸ் உள்ளே புகுந்தது. கிம் கியோங்-சுக் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். அதையொட்டி எழுந்த கொந்தளிப்பில் எதிர்க்கட்சித் தலைவர் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட, பூசானிலும் மாசானிலும் மக்கள் தெருவுக்கு வர, அக்டோபர் 26 அன்று அதிபர் பார்க் சுங்-ஹீ தன் உளவுத் துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

சீன முடிக்கு அமெரிக்கா போட்ட அதே தடையால் வாய்ப்புப் பெற்ற இன்னொரு நாடு இந்தியா. இங்கே கோயில்களில் முடி குவிந்துகொண்டிருந்தது. அதுவும் முழுநீளமாக. மத்திய அரசின் வணிகக் கழகம் மெட்ராசில் விக் தயாரிப்பில் இறங்கியது. தனியார் வணிகர்களும் வந்தார்கள். கோயில் முடியைக் கழுவி, சீவி, பெட்டியில் அடைத்து அனுப்பும் தொழிலுக்குச் சென்னை ஒரு தலைமையிடமாயிற்று. திருமலைத் தேவஸ்தானம் 2011-இல் இணையவழி ஏலத்துக்கு மாறியபின் விலை எகிறியது. இப்போது முடி விற்பனையில் அதற்கு வரும் ஆண்டு வருமானம் நூறு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. ஏலத்தில் முடியை நீளம் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். 31 அங்குலத்துக்கு மேற்பட்டது முதல் தரம். சில ஆண்டுகளுக்கு முன்பே அது கிலோ இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. ஐந்து அங்குலத்துக்கும் குறைவானது கிலோ சில பத்து ரூபாய். காரணம் எளிது. முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். முதல் தரக் கற்றை ஒன்றில் ஒரு பெண்ணின் ஐந்து ஆண்டுக்கும் மேலான வாழ்க்கை இருக்கிறது.

ஒட்டுமுடி வாங்கப் போகும் ஒருவருக்கு இந்த வரலாற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் நிறைய. கடையில் ‘ரெமி’, ‘நான்-ரெமி’ என்று இரண்டு வகை சொல்வார்கள். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். அது மொட்டை முடி, சிக்கு முடி என்ற இரண்டு வழிகளின் வித்தியாசம்தான்.

மயிரிழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். மொட்டை போடும்போது கற்றையாகக் கட்டி மழித்தால் எல்லா இழைகளின் செதிலும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். இது ரெமி. சிக்கு முடியில் வேரும் நுனியும் கலந்து கிடப்பதால் எதிரெதிர்ச் செதில்கள் மாட்டிக்கொண்டு மறுபடி சிக்காகும். அதைத் தவிர்க்க ஆலைகளில் அமிலத்தில் ஊறவைத்துச் செதிலையே கரைத்துவிட்டு, சிலிக்கோன் பூசிப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். புதிதில் இரண்டும் ஒன்றுபோல மின்னும். பல முறை அலசியபின் பூச்சு போய்விடும்; அதன்பின் அந்த முடி வறண்டு நாராகும். இழை ஒன்றை விரலிடுக்கில் பிடித்து மேலிருந்து கீழே உருவினால் வழுக்கி, கீழிருந்து மேலே உருவினால் லேசாகச் சொரசொரக்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடியாக வழுக்கினால் பூச்சு என்று சந்தேகப்படலாம். மனித முடியா, செயற்கை இழையா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்தினால் போதும். முடி என்றால் இறகு எரியும் வாடையோடு சாம்பலாகும், செயற்கை இழை உருகி மணியாகத் திரளும்.

மாட்டும் முறைகளுக்கும் வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண், சொந்த முடியை ஒட்டப் பின்னி அதன்மேல் முடிப்பட்டையைத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1950-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். இன்றைய தையல் முறை அவரிடமிருந்து வந்ததே. டேப்பால் ஒட்டுவது, கெரட்டின் பசையை உருக்கி ஒட்டுவது, குட்டி வளையத்தில் கோப்பது எல்லாம் பிறகு வந்தவை. வாரக்கணக்கில் தலையிலேயே இருப்பவை இவை. கனம் ஒரே இடத்தில் விழுந்து மயிர்க்காலை இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் முடி உதிரும். கவனிக்காமல் விட்டால் வளராமலே போகலாம். நெற்றியோரமும் காதுமேலும் முதலில் அடிபடும். ஆகவே முதன்முதலாக முயல்கிறவர்களுக்குக் கிளிப் வகையே நல்லது. அது சவுரியின் நேரடி வாரிசு, மாட்டுவதும் கழற்றுவதும் நம் கையில். நடுத்தர அடர்த்தியுள்ள தலைக்கு நூறு முதல் நூற்றைம்பது கிராம் போதும். நிறத்தைக் கடை விளக்கில் பார்க்காமல் வெளியே வெயிலில், முடியின் நுனியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், வேரோடு அல்ல. நம்மூர் முடி பெரும்பாலும் முழு நேரானதும் அல்ல, முழுச் சுருளும் அல்ல. மெல்லிய அலை உள்ள கற்றையை வாங்கினால் ஒட்டுத் தெரியாது. சூடான கருவியை அதிகம் காட்டாமலும், ஈரத்தோடு படுக்காமலும் இருந்தால் நல்ல ரெமி முடி நெடுநாள் உழைக்கும்.

முடியின் பிறப்பிடம் வாங்குபவரின் மனச்சாட்சியையும் தொட்ட நேரம் ஒன்று வந்தது. மணமான யூதப் பெண்களில் மரபில் ஊறியவர்கள் சொந்தக் கூந்தலை மறைக்க விக் அணிவார்கள். திருமலையில் முடி இறைவனுக்கு அளிக்கப்படுகிறது என்ற செய்தி சென்றதும், 2004 மே மாதத்தில் ஜெருசலேமின் மூத்த மதகுரு யோசஃப் ஷாலோம் எல்யாஷிவ் அந்த முடியாலான விக்கைப் பயன்படுத்தக் கூடாது என்றார். வேற்றுத் தெய்வத்துக்குப் படைத்த பொருளால் பயன்பெறலாகாது என்பது அவர்கள் நெறி. நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைக் கொண்டுவந்து தீயில் போட்டார்கள். மொட்டை போட்டுக்கொண்ட பெண்ணுக்குத் தன் முடி அத்தனை தொலைவு போனது தெரியாது. அதை எரித்த பெண்ணுக்கு அது யார் தலையில் வளர்ந்தது என்று தெரியாது. நம்பிக்கையோடு கொடுத்தவரும் நம்பிக்கையோடு துறந்தவரும் இரு முனையில் நிற்க, நடுவில் வணிகம் ஓடிக்கொண்டிருந்தது.

கோயில் முடிக்கு இப்படிப் புகழும் சர்ச்சையும் சேர்ந்தன. சிக்கு முடியோ அளவில் மிகுந்தும் பேச்சில் இல்லாமல் இருக்கிறது. கர்நாடகத்தில் கொப்பளை ஒட்டிய பாக்யநகரிலும் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் பகுதியிலும் வீட்டுக்கு வீடு பெண்கள் அதைப் பிரித்துப் பிழைக்கிறார்கள். பிரிக்காத முடியை அப்படியே குறைந்த மதிப்புக் காட்டி மியான்மருக்கும் சீனாவுக்கும் கடத்துகிறார்கள், இங்கே வேலை போகிறது என்று தொழில்துறையினர் முறையிட்டதன்பேரில், 2022 ஜனவரியில் மத்திய அரசு கச்சா முடி ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது. கடத்தலைத் தடுப்பதற்கு வந்த இந்த விதி, பிரிக்கும் பெண்ணின் கூலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை நீக்கியபோது, முடி எடுக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்த்தே அறிவித்தார்கள். அதுபோன்ற ஓர் ஏற்பாடு, ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களுக்கும் வர வேண்டும்.