'ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்': புலம்பல் ஒன்று ஆட்டப் பாடலான கதை

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் கசற் கேட்போம். சுற்றுபவர் களைத்தால் பாட்டும் இழுபடும். அப்படிக் கேட்டவற்றில் ஒன்றுதான் பொனி எம் குழுவின் 'ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்'. ஆங்கிலம் விளங்கவில்லை, தாளம் விளங்கியது. ஆடினோம்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, தென்மராட்சியில் தேவாலயம் ஒன்றில் தங்கியிருந்தோம். ஒருநாள் வழிபாட்டில் 137ஆம் சங்கீதம் வாசிக்கப்பட்டது. பக்கத்தில் இருந்த அண்ணா என் காதுக்குள் சொன்னார்: "இதுதானடா அந்தப் பாட்டு."

கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்து, அங்கிருந்த மக்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனார்கள். ஆற்றங்கரையில் அமர்ந்து ஊரை நினைத்து அழுபவர்களிடம், உங்கள் ஊர்ப் பாட்டொன்று பாடுங்கள் என்று பிடித்துவந்தவர்களே கேட்கிறார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்பதுதான் அந்தச் சங்கீதத்தின் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டவர்கள் ஜமெய்க்காவின் ரஸ்தஃபாரி மக்கள். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினரிடையே, 1930இல் ஹைலே செலாசி எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடியதையடுத்து உருவான சமய இயக்கம் இது. அவர்களுக்குச் சீயோன் என்பது ஆபிரிக்கா. பாபிலோன் என்பது தங்களை ஒடுக்கும் அரசும் காவற்றுறையும். அது வெறும் உவமை அல்ல. 1963இல் கோரல் கார்டன்ஸ் பகுதியில் நடந்த மோதலைத் தொடர்ந்து பெருந்தொகையான ரஸ்தஃபாரியர் பிடிக்கப்பட்டு அடித்து வதைக்கப்பட்டார்கள். அதற்கு ஜமெய்க்கா அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல்தான், 54 ஆண்டுகள் கழித்து.

1970இல் கிங்ஸ்ரனைச் சேர்ந்த மெலோடியன்ஸ் குழு இந்தப் பாடலைப் பதிவுசெய்தது. எழுதியவர்கள் அக்குழுவின் பிரென்ற் டோவும் ட்ரெவர் மக்நோட்டனும். தயாரித்தவர் லெஸ்லி கொங். 1972இல் வெளிவந்த 'த ஹார்டர் தே கம்' என்ற ஜமெய்க்கத் திரைப்படத்தின் இசைத்தட்டில் இடம்பெற்றதால் பாடல் கடல் கடந்தது.

சங்கீதத்தை அவர்கள் அப்படியே எடுக்கவில்லை. கடவுளின் பெயர் வரும் இடத்தில் ஹைலே செலாசியைக் குறிக்கும் சொல்லை வைத்தார்கள். இன்னொரு மாற்றம் என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. மூலச் சங்கீதம் அழுகையோடு முடிவதில்லை. பாபிலோனின் கைக்குழந்தைகளைப் பாறையில் மோதுபவனை வாழ்த்தி முடிகிறது. பாடலில் அந்த வரிகள் இல்லை. மாறாக, 19ஆம் சங்கீதத்தின் இறுதியிலுள்ள வேண்டுதல் வருகிறது: நம் சொல்லும் நினைவும் இறைவன் ஏற்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்ற வேண்டுதல்.

1978இல் ஜேர்மனியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் இதை பொனி எம் குழுவுக்காக எடுத்தார். ஜமெய்க்க இசையின் அசைவை முழுவதும் விடாமல், டிஸ்கோவின் சீரான தாளத்தை அடியில் வைத்தார். ரஸ்தஃபாரிச் சொற்கள் நீக்கப்பட்டு, பைபிளின் பொதுச் சொற்கள் திரும்பின. குழுவில் இருந்த நால்வரும் கரிபியனில் பிறந்தவர்கள்: லிஸ் மிற்செலும் மார்சியா பரற்றும் ஜமெய்க்கா, மேய்ஸி வில்லியம்ஸ் மொன்செராற், பொபி ஃபரல் அரூபா. மேடையில் ஆடிய ஃபரலின் வாயசைவுக்குப் பின்னால் ஒலிப்பதிவில் பாடிய ஆண்குரல் ஃபாரியனுடையது.

பிரித்தானியாவில் 5 வாரங்கள் முதலிடம். தட்டின் மறுபக்கத்தில் இருந்த 'பிரவுன் கேர்ள் இன் த ரிங்' கரிபியன் சிறுவர்களின் விளையாட்டுப் பாட்டு. முதற்பாடல் இறங்கத் தொடங்கியதும் வானொலிகள் மறுபக்கத்தைப் போட, அதே தட்டு மீண்டும் 2ஆம் இடம்வரை ஏறியது. அந்த நாட்டில் மட்டும் 20 இலட்சம் பிரதிகள் விற்றன.

பாடலாசிரியர் பட்டியலில் டோ, மக்நோட்டன் ஆகியோரின் பெயர்களோடு ஃபாரியனின் பெயரும் சேர்ந்தது. டோ 2006இலும் மக்நோட்டன் 2018இலும் காலமானார்கள். உலகம் இதைப் பொனி எம் பாட்டென்றே சொல்கிறது. ஒருகாலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

இப்போது என் பிள்ளைகளுக்கு முதலில் மெலோடியன்ஸின் பதிவைப் போட்டுக்காட்டுகிறேன், பிறகு பொனி எம். இரண்டாவதற்குத்தான் அவர்கள் எழும்பி ஆடுகிறார்கள். ஆடட்டும், நாங்களும் ஆடினோம்தானே. தேவாலயத்தில் நாங்கள் தங்கியிருந்த கதையையும் சொல்லிவிட்டேன். சங்கீதத்தின் கடைசி வசனத்தை மட்டும் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.