காற்றோடு ஒரு மணித்தியாலம்

சைக்கிளோட்டத்தில் மிக எளிமையானதும் மிகக் கொடுமையானதும் மணித்தியாலச் சாதனைதான். வட்ட ஓடுபாதையில் தனி ஒருவராக, அறுபது நிமிடங்களில் எவ்வளவு தூரம் செல்லமுடியும் என்பதே கேள்வி. மலை இல்லை, குழு இல்லை, முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் வழியில்லை. எதிராளி காற்று மட்டுமே.

இதை வெறும் அலங்காரப் பேச்சென்று கொள்ளவேண்டாம். சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்பவர் செலவிடும் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. வளித்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப அதிகரிக்கின்றது; அதனை வெல்லும் வலுவோ வேகத்தின் மும்மடிக்கேற்ப அதிகரிக்கவேண்டும். எனவே 40 கிலோமீற்றரை 50 ஆக்க விரும்புபவருக்குக் கால்வாசி கூடுதல் வலு போதாது. ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். அந்தத் தடையிலும் பெரும்பகுதி வண்டியால் ஏற்படுவதல்ல, அதன்மேல் அமர்ந்திருக்கும் உடம்பால் ஏற்படுவது.

1899இல் அமெரிக்காவின் லோங் ஐலண்டில் சார்ள்ஸ் மர்பி என்பவர் இதனை ஊரறியக் காட்டினார். தண்டவாளங்களுக்கிடையே பலகை பரப்பி, காற்றை மறைக்கும் கூடு பொருத்திய புகையிரதப் பெட்டியின் பின்னால் மிதித்து, ஒரு மைலை 57.8 செக்கன்களில் கடந்தார். மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர்! காற்று விலகியதும் சாதாரணக் கால்களுக்கும் இறக்கை முளைத்தது.

மணித்தியாலச் சாதனையின் பட்டியல் 1893இல் பாரிஸில் ஆரம்பமாகின்றது. ஹென்றி டெக்ரான்ஜ் 35.325 கிலோமீற்றர் ஓடினார். பின்னாளில் அவர் பத்திரிகை ஆசிரியராகி, விற்பனையைப் பெருக்குவதற்காக 1903இல் டூர் டி பிரான்ஸ் போட்டியை ஆரம்பித்தவர். (எங்கள் தொழிலின் விற்பனைக் கவலையால் உலகுக்கு நன்மையும் விளைந்திருக்கிறது.)

1933இல் முதலாவது சங்கடம் வந்தது. முதல்தர வீரராகக் கருதப்படாத பிரான்சிஸ் போர், சார்ள் மொஷே வடிவமைத்த சாய்ந்திருந்து மிதிக்கும் வண்டியில் 45.055 கிலோமீற்றர் சென்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். காற்றுக்கு மார்பைக் காட்டாமல் பாதங்களைக் காட்டியதே அவர் செய்தது. அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் அத்தகைய வண்டிகளைச் சாதனைப் பட்டியலிலிருந்து விலக்கியது.

1972இல் பெல்ஜியத்தின் எடி மேர்க்ஸ் மெக்சிக்கோ நகரத்துக்குச் சென்றார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேற்பட்ட அந்நகரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. சுவாசிக்க ஒட்சிசனும் குறைவுதான். ஆனால் கணக்குப் பார்த்தால் இலாபமே மிஞ்சும். 49.431 கிலோமீற்றர் ஓடினார். மீண்டும் ஒருபோதும் அதற்கு முயலவில்லை. 1984இல் அதே நகரில் இத்தாலியரான பிரான்செஸ்கோ மோசர், ஆரங்களில்லாத தட்டுச் சில்லுகளுடன் 51.151 கிலோமீற்றர் சென்றார்.

அதற்குப் பின்னர் வந்தவரே இந்தக் கதையின் நாயகன். கிரெயம் ஒப்ரி, ஸ்கொட்லாந்துக்காரர். சைக்கிள் கடை நடத்தி நொடிந்துபோனவர். தாமே ஒரு துவிச்சக்கரவண்டியைச் செய்தார். அதில் பழைய சலவை இயந்திரமொன்றின் போல்பெயரிங்குகளும் இருந்தன. கைகளை மார்புக்கடியில் மடக்கி, உடம்பைக் குறுக்கிக் காற்றுக்குக் கொடுக்கும் பரப்பைச் சுருக்கினார். 1993 ஜூலையில் நோர்வேயில் முதல்நாள் முயற்சி தோற்றது. தசைகள் விறைத்துவிடாதிருக்க இரவில் அடிக்கடி எழவேண்டும் என்பதற்காகவே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். மறுநாட் காலை 51.596 கிலோமீற்றர். ஆறு நாட்களில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 52.270 ஓடி அதனைப் பறித்தார். 1994 ஏப்ரலில் ஒப்ரி 52.713 ஓடி மீட்டார்.

ஒன்றியம் விடவில்லை. ஒப்ரியின் அமர்வு முறையைத் தடைசெய்தது. அதே ஆண்டு உலகப் போட்டியிலிருந்து அவரை விலக்கியது. அவர் கைகளை முன்னே நீட்டும் மற்றொரு முறையைக் கண்டுபிடித்தார். 1996இல் போர்ட்மன் அம்முறையில் 56.375 கிலோமீற்றர் ஓடினார். உடனே அதற்கும் தடை. 2000ஆம் ஆண்டில் ஒன்றியம் மேர்க்ஸுக்குப் பிந்திய சாதனைகளையெல்லாம் வேறு பட்டியலுக்குத் தள்ளி, 1972இன் வண்டியையே அளவுகோலாக்கியது. அதே போர்ட்மன், ஓய்வுபெறுமுன், அத்தகைய வண்டியில் மீண்டும் ஏறினார். சென்ற தூரம் 49.441. மேர்க்ஸைவிடப் பத்து மீற்றர் அதிகம். தம்முடைய முன்னைய தூரத்தைவிட ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் குறைவு! நான்கு ஆண்டு வயதுக்கும் சிறிது கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இடைவெளியின் பெரும்பகுதி காற்றுக்கே உரியது.

அந்த விதி நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை. மெக்சிக்கோவின் மெல்லிய காற்றைத் தேடிப் போக வசதியிருந்தவரை அனுமதித்த ஒன்றியம், கைகளை மடக்கிக்கொண்ட ஏழையைத் தடுத்தது. முன்னதற்கு விமானச் சீட்டு வேண்டும். பின்னதற்கு மூளை போதும்.

2014இல் விதிகள் தளர்ந்தன. காற்றியக்கக் கணக்கில் தேர்ந்த பொறியியலாளரான டான் பிகம் 2022 ஓகஸ்டில் 55.548 ஓடினார். இரண்டு மாதங்களுக்குள் இத்தாலியின் பிலிப்போ கன்னா 56.792 ஓடி, போர்ட்மனின் 1996ஆம் ஆண்டுத் தூரத்தையும் தாண்டினார். 2023இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற இத்தாலியப் பெண் விட்டோரியா புசி, மெக்சிக்கோவின் அகுவஸ்காலியென்டஸ் நகரில் 50.267 கிலோமீற்றர் ஓடினார். 50 கிலோமீற்றரைக் கடந்த முதற் பெண் அவரே. வண்டி வேறு, விதி வேறு என்றாலும், மேர்க்ஸ் மறுபடி தொட விரும்பாத அந்தத் தூரம் அவருக்கு எண்ணூறு மீற்றருக்கும் பின்னால் இருந்தது.