ஆணையும் இசைவும்

எங்கள் சங்கரன்கோவிலுக்கு அண்மையில் நெற்கட்டான்செவல் என்னும் ஊர் இருக்கிறது. வெள்ளையருக்குப் பணிய மறுத்த பூலித்தேவர் கோட்டை கட்டி ஆண்ட ஊர் அது. நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களை அவ்வூருக்கு அழைத்துச் செல்வதுண்டு. ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவன் ஒரே கேள்வியைக் கேட்பான்: "ஐயா, அந்தப் பழைய கோட்டை எங்கே? அவர்கள் பிடித்த வேலும் வாளும் எங்கே போயின?"

அக்கேள்விக்கு விடை நம் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதனைத் தொடர்ந்து, பாளையக்காரர்கள் தம் கோட்டைகளை இடித்துவிட வேண்டும், படைக்கலங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று கம்பெனியின் தளபதி பானர்மன் ஆணையிட்டார். கோட்டைகள் இடிந்தன. அமைதி நிலவிற்றா? இல்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரையும் அவருடைய தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பினர். சில நாட்களுக்குள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. அதனை வீழ்த்தக் கம்பெனிப் படை மே மாத இறுதிவரை போராட வேண்டியதாயிற்று. பின்னர் அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், சென்னை ஆளுநராக இருந்த எட்வர்டு கிளைவ் மற்றோர் அறிக்கை விடுத்தார். இவர் பிளாசிப் போர் புரிந்த ராபர்ட் கிளைவின் மகன். தென்சீமை மக்கள் துப்பாக்கியும் ஈட்டியும் வைத்திருப்பதை அவ்வறிக்கை தடை செய்தது. ஆணையிட்டவர் கையில் மட்டும் பீரங்கி அப்படியே இருந்தது.

இதுவும் ஒருவகைப் படைக்கலக் களைவுதான். வென்றவன் ஆணையிடுகிறான், தோற்றவன் வாளைக் கீழே வைக்கிறான். கையிலுள்ள வாள் கீழே இறங்கலாம். நெஞ்சிலுள்ள வாள் இறங்குவதில்லை. முதல் ஆணைக்குப் பின் இரண்டு ஆண்டு முடியுமுன்னரே மீண்டும் போர் மூண்டதற்குக் காரணம் இதுவே.

படைக்கலத்தைக் களைவதற்கு வேறு வழி உண்டா? ஆணையாலன்றி இசைவால் அதனைச் செய்ய இயலுமா? இக்கேள்விக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் நம் அண்டை நாடாகிய இலங்கையில் தோன்றினார். அவர் பெயர் ஜயந்த தனபால. அவர் போர்க்களம் கண்ட வீரர் அல்லர்; அரசியல் மேடைகளில் முழங்கியவரும் அல்லர். கோப்புகளும் கூட்டங்களுமே அவர் களம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், உலகம் அஞ்சிய படைக்கலத்தைப் பற்றிய ஒரு பெரும் முடிவு அவர் தலைமையில் எடுக்கப்பட்டது.

தனபால 1938 டிசம்பர் 30-ஆம் நாள் பிறந்தார். கண்டியிலுள்ள திரித்துவக் கல்லூரியில் பயின்றார். பதினேழு வயதில், "நாம் விரும்பும் உலகம்" என்னும் பொருள் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்று, அதன் பயனாக அமெரிக்காவுக்குச் சென்று வந்தார். மாணவர்கள் எழுதும் கட்டுரை மதிப்பெண்ணுக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இதனை நான் சான்றாகச் சொல்வதுண்டு. பின்னர்ப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1965-இல் தம் நாட்டு வெளியுறவுப் பணியிற் சேர்ந்தார். இலண்டன், பீகிங், வாஷிங்டன், புதுடெல்லி ஆகிய நகரங்களில் பணியாற்றினார். 1984-இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபைக்கான இலங்கைத் தூதுவரானார். படைக்கலக் குறைப்புப் பற்றிய பேச்சுகள் இடையறாது நிகழும் நகரம் ஜெனீவா. 1987 முதல் 1992 வரை, அங்குள்ள ஐக்கிய நாடுகள் படைக்கலக் குறைப்பு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தார்.

அவரை உலகறியச் செய்தது 1995-ஆம் ஆண்டு. அதன் அருமையை உணர வேண்டுமானால், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. அதன்பின் ஒவ்வொரு வல்லரசாக அணுகுண்டு செய்யலாயிற்று. இப்படியே போனால் உலகம் என்னாகும் என்ற அச்சத்தால் 1968-இல் அவ்வொப்பந்தம் எழுதப்பெற்று, 1970 மார்ச் 5-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அஃது ஒரு கொடுக்கல் வாங்கல். 1967 ஜனவரி முதல் நாளுக்கு முன் அணுகுண்டை வெடித்த ஐந்து நாடுகள் ஒருபுறம். ஏனைய நாடுகள் மறுபுறம். ஏனைய நாடுகள், "யாம் அணுகுண்டு செய்யோம்" என்று உறுதி கூறின. அதற்கு ஈடாக, ஐந்து நாடுகளும் தம் அணுப் படைக்கலங்களை ஒழிப்பதற்கு நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்துவதாக உறுதி கூறின. அணு ஆற்றலை ஆக்கப் பணிகளுக்குப் பயன்படுத்தும் உரிமையும் எல்லோருக்கும் வழங்கப்பட்டது.

குண்டு இல்லாதவர் இன்றே துறக்க வேண்டும். குண்டு உள்ளவர் என்றோ ஒருநாள் துறப்பர். இத்தராசு சமன் அற்றது என்று கூறி இந்தியா அதில் கையெழுத்திட மறுத்தது, இன்றுவரை கையெழுத்திடவில்லை. 1801-இன் அறிக்கையை அறிந்த நம் சீமை மாணவருக்கு இவ்வாதத்தின் பொருளை விளக்கத் தேவையில்லை.

இவ்வொப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இருபத்தைந்து ஆண்டு கழிந்தபின் உறுப்பு நாடுகள் கூடி, ஒப்பந்தத்தை என்றென்றைக்கும் நீட்டிப்பதா, குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் நீட்டிப்பதா என்று முடிவு செய்தல் வேண்டும். அம்மாநாடு 1995 ஏப்ரல் 17 முதல் மே 12 வரை நியூயார்க்கில் நடைபெற்றது. உறுப்பு நாடுகள் 178. வந்து கலந்துகொண்டவை 175. தலைவர் இருக்கையில் அமர்ந்தவர் தனபால.

வல்லரசுகள் காலவரையறையற்ற நீட்டிப்பை வேண்டின. அணிசேரா நாடுகள் பல தயங்கின. "என்றென்றைக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், குண்டு வைத்திருப்பவர் தம் வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டிய கட்டாயம் என்ன இருக்கிறது?" என்பது அவற்றின் கவலை. நியாயமான கவலைதான். ஆயினும் எண்ணிக்கை வல்லரசுகள் பக்கமே இருந்தது. கானடா கொண்டுவந்த காலவரையறையற்ற நீட்டிப்புத் தீர்மானத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஆதரவளித்தன. வெற்றிக்குத் தொண்ணூறு வாக்குகள் போதும். வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் ஒரு மணி நேரத்தில் காரியம் முடிந்திருக்கும்.

தனபால அவ்வாறு செய்ய விரும்பவில்லை. வாக்கெடுப்பில் தோற்கும் நாடுகள் மனக்கசப்புடன் வெளியேறினால், ஒப்பந்தம் ஏட்டில் நிலைத்து நாட்டில் நிலையாமற் போகும் என்பதை அவர் அறிந்திருந்தார். எதிரெதிர்க் கருத்துடைய நாடுகளின் பேராளர்களை ஒரு சிறு அறையில் கூட்டி நாள்தோறும் பேசவைத்தார். அப்போது தென்னாப்பிரிக்கா ஒரு வழி காட்டிற்று. தான் செய்து வைத்திருந்த ஆறு அணுகுண்டுகளையும் தானே பிரித்துப்போட்டுவிட்டு 1991-இல் இவ்வொப்பந்தத்திற் சேர்ந்த நாடு அது. அதன் சொல்லுக்கு மதிப்பிருந்தது. ஒப்பந்தம் நீடிக்கட்டும், ஆனால் வல்லரசுகள் செய்யவேண்டிய கடமைகளையும் எழுத்தில் வடிப்போம் என்றது தென்னாப்பிரிக்கா.

இவ்வழியே மூன்று முடிவுகள் உருவாயின. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வை வலுப்படுத்துவது ஒன்று. அணுப் படைக்கல ஒழிப்புக்கான நெறிகளையும் குறிக்கோள்களையும் வகுப்பது ஒன்று. ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீட்டிப்பது ஒன்று. மத்திய கிழக்கை அணுப் படைக்கலம் அற்ற வட்டாரமாக்க வேண்டும் என்னும் தீர்மானமும் உடன் சேர்ந்தது. 1995 மே 11-ஆம் நாள் இவையனைத்தும் வாக்கெடுப்பின்றியே நிறைவேறின. அதற்குக் கையாளப்பட்ட சொற்றொடர் நுட்பமானது. நீட்டிப்பை விரும்பும் பெரும்பான்மை இருக்கிறது என்பதை ஏற்று, ஒப்பந்தம் தொடரும் என்று முடிவு கூறிற்று. பெரும்பான்மை உண்டு என்று உரைத்தார்களேயன்றி, யார் வென்றார் யார் தோற்றார் என்று எண்ணிக் காட்டவில்லை. மனக்குறை உடைய நாடுகள் அதனை எழுந்து கூறின. ஆனால் ஒன்றும் வெளியேறவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலின் தலவரலாறு ஈண்டு நினைவுக்கு வருகிறது. சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்கள், சிவனே பெரியவர் என்றும் திருமாலே பெரியவர் என்றும் தம்முள் வழக்காடினர். இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் ஒரே வடிவிற் காட்சியளித்தார். அவ்வடிவே சங்கரநாராயணர். வழக்கு முடிந்தது, தோற்றவர் எவரும் இல்லை. ஆடித்தபசு விழாவில் கூடும் பெருங்கூட்டம் இக்காட்சியையே கண்டு வணங்குகிறது. தோற்றவர் இல்லாத தீர்ப்பே நிலைக்கும் என்பதை நம் முன்னோர் கதையாக்கி வைத்தனர். தனபால அதனை மாநாட்டு மண்டபத்தில் முயன்று பார்த்தார்.

அம்முயற்சி முழுதும் பலித்ததா? வரலாற்று மாணவன் உண்மையை மறைத்தலாகாது. மாநாடு முடிந்த மூன்றாம் நாள், மே 15 அன்று, சீனா ஓர் அணுகுண்டுச் சோதனை நடத்திற்று. செப்டம்பரில் பிரான்சு பசிபிக் தீவொன்றில் மீண்டும் சோதனைகளைத் தொடங்கிற்று. வகுத்த நெறிகளின்படி, அணுச் சோதனைகளை முற்றும் தடைசெய்யும் ஒப்பந்தம் 1996-இல் எழுதி முடிக்கப்பட்டது. இந்தியா அதனை எதிர்த்தது. இன்றளவும் அது நடைமுறைக்கு வரவில்லை. 1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுகளை வெடித்தன.

அந்த 1998-ஆம் ஆண்டில் தனபால ஐக்கிய நாடுகள் சபையில் படைக்கலக் குறைப்புத் துறையின் துணைப் பொதுச்செயலாளராகப் பொறுப்பேற்றிருந்தார். 2003 வரை அப்பதவி வகித்தார். பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே ஈராக்கின் அதிபர் மாளிகைகள் எட்டினைச் சோதனையிடும் சிறப்புக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். சோதனை நடைபெற வேண்டும். ஒரு நாட்டின் தன்மானமும் புண்படலாகாது. ஆகவே சோதனையாளருடன் பல நாட்டுத் தூதுவர்களும் உடன் சென்றனர்.

அவ்வாண்டிலேயே அவர் அல்பேனியாவுக்கும் சென்றார். அங்கு 1997-இல் மோசடி நிதி நிறுவனங்கள் வீழ்ந்து, மக்கள் சேமிப்பை இழந்து கொதித்தெழுந்தபோது, படைக் கிடங்குகள் கொள்ளையிடப்பட்டன. இலட்சக்கணக்கான துப்பாக்கிகள் வீடுகளுக்குள் புகுந்தன. "ஒப்படைக்காவிடில் தண்டனை" என்று பறையறைவதை விடுத்து, கிராம்ஷ் என்னும் வட்டாரத்தில் வேறொரு முறையை ஐக்கிய நாடுகள் சபை கையாண்டது. மக்கள் படைக்கலங்களைக் கொடுத்தால், அவ்வூருக்குச் சாலையும் தொலைபேசியும் தெருவிளக்கும் வரும். தனி ஒருவனுக்குப் பணம் இல்லை, ஊருக்கு நன்மை. ஏறத்தாழ 6,000 ஆயுதங்கள் வந்து சேர்ந்தன. 1801-இன் திருநெல்வேலியையும் 1999-இன் கிராம்ஷையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஆணைக்கும் இசைவுக்கும் உள்ள வேற்றுமை விளங்கும்.

தம் நாட்டுத் துயரைத் தீர்க்கும் பணியும் அவருக்கு வாய்த்தது. 2004 முதல் 2005 வரை இலங்கை அரசின் அமைதிச் செயலகத்திற்குத் தலைமை வகித்தார். அங்கு அமைதி கைகூடவில்லை. போர் மீண்டும் மூண்டு, எண்ணிறந்த உயிர்களைக் கொண்டு, 2009-இல் முடிந்தது. உலக நாடுகளை ஒரு மேசையில் அமர்த்தியவருக்கும் வீட்டு வழக்கு எளிதாயில்லை. பகை எவ்வளவு அண்மையில் இருக்கிறதோ, அவ்வளவு அரிதாகிறது இசைவு. 2007 முதல் 2017 வரை, அறிவியலாளர்களின் பக்வாஷ் மாநாட்டு இயக்கத்திற்குத் தலைவராயிருந்த தனபால, 2023 மே மாதத்தில் மறைந்தார்.

நிலைபேறும் பொறுப்பும் ஒருங்கே வேண்டும் என்பதே 1995-ஆம் ஆண்டு முடிவுக்கு அவர் கூறி வந்த விளக்கம். ஒப்பந்தம் நிலைத்துவிட்டது. பொறுப்பு? 1986-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகிலிருந்த அணுப் படைக்கலங்கள் ஏறத்தாழ 70,000. இன்று 12,000-க்குச் சற்று மேல். குறைவு பெரிதே. ஆயினும் எஞ்சியிருப்பவையே உலகை அழிக்கப் போதும். 2005, 2015, 2022 ஆகிய ஆண்டுகளின் மறுஆய்வு மாநாடுகள் ஒருமித்த முடிவின்றிக் கலைந்தன. பொறுமையிழந்த நாடுகள் பல கூடி, அணுப் படைக்கலங்களை அடியோடு தடைசெய்யும் ஒப்பந்தத்தை 2017-இல் இயற்றின. குண்டு வைத்திருக்கும் எந்நாடும் அதில் சேரவில்லை.

மாணவர்களே! இசைவால் பெற்ற வாக்குறுதியையும் வலியவன் மீறலாம் என்று இவ்வரலாறு காட்டுகிறது. அப்படியாயின் அதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் இதுதான்: ஆணைக்குப் பணிந்தவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை, இசைந்தவனுக்கு அவ்வுரிமை உண்டு. கோட்டையை இடித்த ஆணையை நோக்கி, "உன் பீரங்கி எங்கே?" என்று பாளையக்காரர் வினவ முடியவில்லை. 1995-இன் ஏட்டை விரித்து வைத்து, "நீர் கொடுத்த வாக்கு எங்கே?" என்று மிகச் சிறிய நாடும் வல்லரசைப் பார்த்து இன்று கேட்கிறது. அவ்வினா நிறைந்த அவையில் எழுகிறது. விடை கூறாதவர் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அந்த ஏட்டை எழுதி வைத்ததே தனபாலவின் தொண்டு. அதிலுள்ள வாக்கை நிறைவேற்றுவிப்பது, கேள்வி கேட்கத் தெரிந்த அடுத்த தலைமுறையின் கடமை.