விளைந்த மண்ணின் பங்கு: நைஜீரியாவில் எண்ணெயும் அரசும்

நைஜர் ஆறு கினியா வளைகுடாவில் கலப்பதற்கு முன் எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து அலையாத்திக் காடுகளுக்கிடையே பரவும் கழிமுக நிலம், கச்சா எண்ணெய் கண்டறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே உலக வணிகத்தில் இடம்பெற்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனின் தொழிற்சாலைகள் சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் இயந்திர மசகுக்கும் வேண்டிய செம்பனை எண்ணெயை இங்கிருந்தே பெரிதும் வாங்கின. அவ்வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்த ஒபோபோ அரசர் ஜாஜா 1887இல் நாடு கடத்தப்பட்டார். ராயல் நைஜர் கம்பெனியின் முற்றுரிமையை எதிர்த்து 1895இல் அகாசா பண்டகசாலையைத் தாக்கிய நெம்பே அரசர் கோக்கோவின் ஊர் எரிக்கப்பட்டது. ஆயினும் செம்பனை எண்ணெய், காட்டில் குலை அறுத்து வீட்டு முற்றத்தில் காய்ச்சி வடிக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உழைப்பால் வருவது; அக்குடும்பங்கள் ஒத்துழைக்காவிடில் அரசுக்கும் வணிகருக்கும் ஒரு பீப்பாயும் கிடைக்காது. பெண்கள் மீதும் தலைவரி விதிக்கப்படும் என்ற செய்தி 1929இல் பரவியபோது கிழக்கு நைஜீரியப் பெண்கள் பெருந்திரளாக எழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அவர்கள் மீது வரி விதிக்கப்படவில்லை, காலனி அரசு நியமித்திருந்த ஊர்த்தலைவர் முறையும் மாற்றியமைக்கப்பட்டது. வரி கேட்பவன் வரி கொடுப்பவனுக்குச் செவிசாய்க்க வேண்டிய கட்டாயம், கொடுங்கோன்மைக்கு நடுவிலும், ஏதோ ஓரளவு இருந்தது என்பதே இந்நிகழ்ச்சியிலிருந்து கருதத்தக்கது.

1954இல் நைஜீரியா கூட்டாட்சியாக அமைக்கப்பட்டபோதும் இந்த உறவு தொடர்ந்தது. வடக்குப் பிராந்தியத்துக்கு நிலக்கடலையும் பருத்தியும், மேற்குக்குக் கோக்கோவும், கிழக்குக்குச் செம்பனையும் வருவாய் ஊற்றுகள். உழவரிடம் குறைந்த விலைக்கு வாங்கி உலகச் சந்தையில் கூடிய விலைக்கு விற்ற அரசுச் சந்தை வாரியங்கள், இடையிலுள்ள மிச்சத்தைப் பிராந்திய அரசுகளிடம் சேர்த்தன. இது உழவரைச் சுரண்டியது என்பதில் ஐயமில்லை. எனினும் அப்பணத்தின் ஒரு பகுதி அவர்களிடமே திரும்பியது. ஒபாஃபெமி அவோலோவோ தலைமையிலான மேற்குப் பிராந்திய அரசு 1955இல் கட்டணமில்லாத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்ததற்குக் கோக்கோ வருவாயே அடிப்படை. அதே மேற்குப் பகுதியின் கோக்கோ உழவர்கள் 1968-69இல் அக்பெகோயா இயக்கமாகத் திரண்டு வரிச்சுமைக்கு எதிராகக் கிளர்ந்து, அதைக் குறைக்கவும் வைத்தனர்.

கழிமுகத்தின் ஒலோய்பிரி என்னும் சிற்றூரில் ஷெல்-டார்சி நிறுவனம் 1956இல் வணிக அளவிலான எண்ணெயைக் கண்டது. 1958இல் ஏற்றுமதி தொடங்கியது. நாளொன்றுக்குச் சில ஆயிரம் பீப்பாய் மட்டுமே கிடைத்ததால் பெரும் பரபரப்பு எழவில்லை, பங்கீட்டுச் சண்டையும் மூளவில்லை. கனிம வருவாயை எவ்வாறு பகிர்வது என்பதை 1958இல் ரைஸ்மன் குழு வகுத்தது: நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையிலும் நிலவாடகையிலும் 50 விழுக்காடு அது விளைந்த பிராந்தியத்துக்கு, 30 விழுக்காடு எல்லாப் பிராந்தியங்களுக்குமான பொதுநிதிக்கு, 20 விழுக்காடு மத்திய அரசுக்கு. விளைந்த இடத்துக்கு உரிய பங்கு என்னும் இந்தக் கொள்கைதான் பின்வந்த அறுபதாண்டு அரசியலின் அச்சாக அமைந்தது. 1960இல் விடுதலை பெற்ற நாட்டின் அரசமைப்பும் அதை ஏற்றது.

எண்ணெய் பெருகத் தொடங்கிய காலமும் குடியரசு குலைந்த காலமும் ஒன்றாயின. கழிமுகத்தின் இஜோ இனத்தைச் சேர்ந்த ஐசக் அடாகா போரோ 1966 பிப்ரவரியில் நைஜர் கழிமுகக் குடியரசை அறிவித்து, பன்னிரண்டு நாள்களில் அடக்கப்பட்டார். அவ்வாண்டின் இரு இராணுவப் புரட்சிகளையும் கிழக்கின் பெரும்பான்மையினரான இக்போ மக்கள் வடக்கில் கொல்லப்பட்டதையும் அடுத்து, 1967 மே 27இல் இராணுவ ஆட்சித் தலைவரான தளபதி கோவன், அப்போது நான்காகியிருந்த பிராந்தியங்களைக் கலைத்துப் பன்னிரண்டு மாநிலங்களாக்கினார். இதனால் எண்ணெய் வளம் மிக்க கழிமுகச் சிறுபான்மையினர் பகுதி இக்போ பெரும்பான்மையிலிருந்து பிரிக்கப்பட்டது. மூன்று நாளில் கிழக்குப் பிராந்தியத்தின் இராணுவ ஆளுநர் ஒஜுக்வு அப்பிராந்தியத்தைப் பியாஃப்ரா என்னும் தனிநாடாக அறிவித்தார். உரிமத்தொகையை எந்த அரசிடம் செலுத்துவது என்று ஷெல்-பி.பி. நிறுவனம் தத்தளித்ததும் போர் மூளும் வேளையில்தான். பட்டினியால் எண்ணற்ற குழந்தைகளைப் பலிகொண்ட அப்போரை எண்ணெய் ஒன்றே மூட்டியது என்று சொல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆனால் எந்தத் தரப்பும் விட்டுக்கொடுக்க இயலாத பொருளாக நிலப்பரப்பை மாற்றியது எண்ணெய்தான். போர் முடியுமுன்பே, 1969இல் பிறப்பித்த ஆணையின்வழி நாட்டின் எண்ணெய் முழுவதையும் மத்திய அரசு தன் உடைமையாக்கிக்கொண்டது.

இதன்பின் பங்கீட்டு விதி மாறிய விதத்தை உற்று நோக்க வேண்டும். விளைந்த இடத்துக்கான பங்கு 1970இல் 45 விழுக்காடாகவும், 1975இல் 20 விழுக்காடாகவும் குறைந்தது. 1971இல் கடலுக்கடியில் கிடைக்கும் எண்ணெயின் வருவாய் முழுவதும் மத்திய அரசுக்கென அறிவிக்கப்பட்டது. 1980களில் எண்ணெய்ப் பகுதிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிதி 1.5 விழுக்காடு என்னும் நிலைக்கு இறங்கியது. நிலக்கடலையும் கோக்கோவும் நாட்டின் செல்வமாக இருந்தபோது விளைந்த இடத்துக்கே பங்கு என்பதை நியாயம் என்று வாதிட்டவர்கள், செல்வம் இஜோ, ஒகோனி, உரோபோ போன்ற சிறுபான்மையினரின் நிலத்திலிருந்து வரத் தொடங்கியதும் தேவையும் மக்கள்தொகையுமே நியாயம் என்றனர். கழிமுக மக்களின் மனத்தில் ஆறாத புண்ணாக நிற்பது இந்த மாற்றமே, அதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

புதிய விதி வேறொரு விளைவையும் தந்தது. 1970 முதல் பொதுநிதியின் ஒரு பாதி மாநிலங்களுக்குச் சமமாகவும், மறுபாதி மக்கள்தொகைக்கேற்பவும் பகிரப்பட்டது. சமப் பங்கு உண்டு என்றானதும் தனி மாநிலம் என்பது தனி வருவாயானது, கோரிக்கைகள் பெருகின, இராணுவ ஆட்சியாளர்களும் ஆதரவு திரட்ட அவற்றை ஏற்றனர். 12 மாநிலங்கள் 1976இல் 19, 1987இல் 21, 1991இல் 30, 1996இல் 36 என்று வளர்ந்தன. அவற்றுட் பலவற்றின் சொந்த வரி வருவாய் ஊழியர் சம்பளத்துக்கும் போதாது. மாதந்தோறும் தலைநகரில் கூடும் பகிர்வுக் குழு ஒதுக்கும் தொகையே அவற்றின் உயிர்மூச்சு. மக்கள்தொகை மற்றோர் அளவுகோலானதால் தலைகளை எண்ணுவதும் பணத்தை எண்ணுவதற்கு ஈடாகிவிட்டது. ஏற்கெனவே 1962, 1963 கணக்கெடுப்புகள் பூசலில் முடிந்திருந்தன. 1973 கணக்கெடுப்பின் முடிவுகளும் ஒருவராலும் நம்பப்படாமல் 1975இல் தள்ளுபடியாயின.

1973-74இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அக்காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 இலட்சம் பீப்பாய் எடுத்த நைஜீரியாவின் ஏற்றுமதி வருவாயில் 90 விழுக்காட்டுக்கு மேலும், அரசின் வருவாயில் முக்கால் பங்குக்கு மேலும் எண்ணெயே ஆனது. 1975இல் அரசு சுமார் 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆணையிட்டது. லாகோஸ் துறைமுகமோ அதில் ஒரு சிறு பங்கைத்தான் ஆண்டொன்றுக்கு இறக்கவல்லது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் மாதக்கணக்கில் நின்றன. அவற்றின் காத்திருப்புக் கட்டணத்தையும் அரசே கட்டியது.

கண்ணுக்குப் புலப்படாத சேதம் இதனினும் பெரிது. எரிவாயு கண்டெடுத்த நெதர்லாந்தின் பிற தொழில்கள் நலிந்ததை வைத்து 1977இல் வழக்குக்கு வந்த 'டச்சு நோய்' என்னும் பெயர், ஒரு கனிமத்தின் ஏற்றுமதியால் நாட்டு நாணயத்தின் மதிப்பு உயர்ந்து, உள்நாட்டுப் பயிரும் பண்டமும் விலைபோகாமல் போவதைக் குறிக்கும். நைஜீரிய நாணயமான நைரா வலுத்ததால் கோக்கோ உழவரின் கைக்கு வந்த தொகை சுருங்கியது, இறக்குமதியான அரிசியும் கோதுமையும் மலிவாயின, இளைஞர்கள் நகரங்களின் கட்டட வேலைக்குப் பெயர்ந்தனர். கானோ நகரில் கோபுரங்களைப் போல அடுக்கப்பட்டிருந்த நிலக்கடலை மூட்டைகள் மறைந்தன; செம்பனை எண்ணெய் ஏற்றுமதியில் உலகின் முதலிடத்தில் இருந்த நாடு அதை இறக்குமதி செய்யலாயிற்று. இதே காலத்தில் இதே எண்ணெய்ப் பணத்தைப் பெற்ற இந்தோனேசியா, அதில் கணிசமான பகுதியை உரத்துக்கும் பாசனத்துக்கும் செலவிட்டு 1980களின் நடுவில் அரிசியில் தன்னிறைவு கண்டது என்பதால், நைஜீரியாவின் வீழ்ச்சியை விதி என்று ஏற்க இயலாது. கானோ, கடுனா மாநில அரசுகள் தலைவரியையும் கால்நடை வரியையும் நீக்கியபோது ஏழை உழவர்கள் மகிழ்ந்தது இயல்பே. ஆனால் அதனோடு அரசு அவர்களைச் சார்ந்திருந்த கடைசி நூலும் அறுந்தது. குடிகளின் உற்பத்தியிலிருந்து பெறும் வரியால் வாழாமல், அயலார் கனிமத்துக்குத் தரும் தொகையால் வாழும் அரசை 'வாடகை அரசு' என்று ஈரானியப் பொருளியலாளர் ஹொசைன் மஹ்தாவி 1970இல் விளக்கியது ஈரானைக் கருதித்தான் என்றாலும், அடுத்த பத்தாண்டு நைஜீரியாவுக்கும் அது அப்படியே பொருந்தியது.

கழிமுகத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. 1978ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு ஆணை நிலத்தை மாநில ஆளுநர்களின் பொறுப்பில் வைத்ததால், எண்ணெய்க்காக நிலம் எடுக்கப்படும்போது பயிருக்கும் கட்டடத்துக்கும் அன்றி நிலத்துக்கென்று உழவர் இழப்பீடு கேட்க முடியாமற்போனது. எண்ணெயோடு வெளிவரும் எரிவாயுவைப் பயன்படுத்தாமல் கொளுத்திவிடும் வழக்கத்தால் ஊர்களுக்கருகே இரவும் பகலும் தீ எரிந்தது. குழாய்க் கசிவுகள் மீன்வளத்தை அழித்தன. ஒகோனி மக்கள் 1990இல் உரிமை அறிக்கை வெளியிட்டனர். 1993 ஜனவரி 4இல் பெருந்திரளாக அமைதி ஊர்வலம் நடத்தினர். அவர்களின் தலைவரும் எழுத்தாளருமான கென் சரோ-விவாவும் மேலும் எட்டுப் பேரும், உலகத் தலைவர்கள் வேண்டியும் இரங்காத சானி அபாச்சாவின் இராணுவ அரசால் 1995 நவம்பர் 10இல் தூக்கிலிடப்பட்டனர். 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, ஒகோனி நிலத்தின் ஓர் ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில் புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப் போல 900 மடங்குக்கு மேல் இருந்ததைக் காட்டியது. நிலத்தையும் நீரையும் மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றும் அது கணித்தது.

மக்களாட்சி திரும்பிய 1999இல் புதிய அரசமைப்பு, விளைந்த இடத்துக்கான பங்கு 13 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்று வகுத்தது. கழிமுக மாநிலங்களுக்குப் பெருந்தொகை வந்தது. அதை மக்களிடம் சேர்க்காமல் விழுங்கிய ஆளுநர்களும் அங்கேயே தோன்றினர். 2006 முதல் ஆயுதக் குழுக்கள் குழாய்களைத் தகர்த்ததும், 2009இல் குடியரசுத் தலைவர் யார்-அதுவா பொதுமன்னிப்பு அளித்து மாதப்படி வழங்கியதும் இதன் தொடர்ச்சியே. நான்கு அரசுச் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தும் அவை பெரும்பாலும் செயலற்றுக் கிடந்ததால் நாடு பெட்ரோலை இறக்குமதி செய்து மானிய விலையில் விற்றது. எண்ணெய்ச் செல்வத்தில் சாதாரணக் குடிமகன் நேரில் உணர்ந்த ஒரே பங்கு அந்த மானியம் என்பதால், 2012 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டபோது நாடு முழுதும் கொதித்தெழ, அரசு அதை ஓரளவு திரும்பக் கொடுத்தது. 2023இல் அதிபர் போலா தினுபு அதை ஒரேயடியாக நீக்கினார்.

எண்ணெய் வருவாய் சுருங்கச் சுருங்க, அரசு மீண்டும் குடிகளின் வரியை நாடுகிறது. மதிப்புக் கூட்டு வரியை மத்திய அரசு திரட்டிப் பகிரும் உரிமையை எதிர்த்து எண்ணெய் மாநிலமான ரிவர்ஸ் வழக்குத் தொடுக்க, 2021இல் போர்ட் ஹார்கோர்ட் நீதிமன்றம் அம்மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நாட்டின் பெருவணிக நகரான லாகோஸும் அதன் பக்கம் சேர்ந்தது. 2024இல் தினுபு கொண்டுவந்த வரிச் சீர்திருத்த மசோதாக்கள் அவ்வரி கிடைக்கும் இடத்துக்குக் கூடுதல் பங்கு தர முனைந்தபோது, வட மாநில ஆளுநர்கள் கடுமையாக எதிர்த்தனர். பங்கீட்டு விகிதங்கள் திருத்தப்பட்ட பிறகே 2025 ஜூனில் அவை சட்டமாயின. நிலக்கடலை வடக்கின் செல்வமாக இருந்த நாளில் வடக்கு எந்தக் கொள்கையைப் போற்றியதோ, அதே கொள்கையை இம்முறை லாகோஸ் கேட்டது.