ஒருங்கிணைந்த சேவை மையம்

வீட்டிலோ வெளியிலோ வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மருத்துவம், காவல் உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே இடத்தில் கட்டணமின்றித் தரும் இந்திய அரசின் அமைப்பு. 'சகி' மையம் என்றும் அழைக்கப்படுகிறது.

தோற்றம்: 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த பாலியல் வன்கொடுமையை ஆராய்ந்த உஷா மெஹ்ரா ஆணையம் இத்தகைய மையங்களைப் பரிந்துரைத்தது. பெண்களின் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியின் துணையோடு 2015 ஏப்ரல் 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

செயல்பாடு: மையம் 24 மணி நேரமும் இயங்கும். பாதிக்கப்பட்டவர் நேரில் வரலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் அழைக்கலாம். பொதுவாக 5 நாள் வரை பிள்ளைகளோடு தங்கலாம். கணவரின் குடி, அடி, வரதட்சணைத் தொல்லை போன்றவற்றுக்குக் குடும்ப ஆலோசனை உண்டு. ஆலோசனை என்பது அடியைப் பொறுத்துக்கொண்டு வாழச் சொல்வதன்று. பெண்ணின் பாதுகாப்பும் விருப்பமுமே அதில் முதன்மை.

சட்டப் பாதுகாப்பு: பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் உடனே இலவசச் சிகிச்சை தரவேண்டும். காவல் புகார் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரிடம் மருத்துவர்கள் செய்துவந்த 'இரு விரல் பரிசோதனை' பெண்ணின் கண்ணியத்தைக் குலைப்பது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது. எல்லை தங்களுடையதல்ல என்று காரணம் காட்டி எந்தக் காவல் நிலையமும் புகாரை மறுக்க முடியாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

சிறப்பு: வக்கீல் கட்டணமோ மருத்துவச் செலவோ தாங்க முடியாத பெண், நடந்ததை ஒவ்வொரு அலுவலகத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லி நோகும் நிலையை இம்மையம் குறைக்கிறது.